கைவழி வந்த கதை: கிறித்து பிறப்புக் குடிலும் குழந்தைகளும்

ஒரு சமுதாயம் தன் கதைகளை வரும் தலைமுறைக்கு அளிக்கும் வழிகள் மூன்று எனலாம். ஏட்டின் வழி ஒன்று. வாய்மொழியின் வழி மற்றொன்று. கைவேலையின் வழி மூன்றாவது. முதல் வழியை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் விரிவாக ஆய்ந்துள்ளனர். இரண்டாவதை நாட்டுப்புறவியல் அறிஞர்கள் பேணி வருகின்றனர். மூன்றாவது வழியோ, வீட்டிற்குள் நிகழ்வதாலும், பெரும்பாலும் பெண்டிரும் குழந்தைகளும் ஈடுபடுவதாலும், வரலாறு எழுதுவோர் கண்ணில் அதிகம் படுவதில்லை. மண்ணைப் பிசைந்தும், காகிதத்தை வெட்டியும், விளக்கை ஏற்றியும் ஒரு கதையைக் குழந்தை தன் கையாலேயே கற்றுக்கொள்ளும் இவ்வழிக்கு உலகெங்கும் சான்றுகள் உண்டு. அவற்றுள் ஆண்டும் இடமும் தெளிவாகத் தெரிந்த ஒன்று, இயேசு பிறந்த கதையைக் குழந்தைகளுக்குச் சொல்ல எழுந்த வழக்கங்களின் வரலாறு. அதனையே ஈண்டு நாம் காணப் புகுகின்றோம்.

கதை ஒன்று, ஏடுகள் இரண்டு

விவிலியத்தில் நற்செய்தி நூல்கள் நான்கு. அவற்றுள் இயேசுவின் பிறப்பை விரித்துரைப்பவை மத்தேயுவும் லூக்காவும் எழுதிய இரண்டே. லூக்கா முன்னணையில் கிடத்தப்பட்ட குழந்தையையும், வயல்வெளியில் இரவில் கிடை காத்த இடையர்களையும் சொல்கிறார். மத்தேயு விண்மீனையும், கிழக்கிலிருந்து வந்த ஞானியரையும், ஏரோது மன்னனின் கொடுமையையும் சொல்கிறார். இடையரும் ஞானியரும் ஓரிடத்தில் சேர்ந்து நிற்பதாக இருவருமே எழுதவில்லை. ஞானியர் மூவர் என்னும் எண்ணிக்கையும் ஏட்டில் இல்லை; பொன், தூபம், வெள்ளைப்போளம் என்னும் காணிக்கைகள் மூன்றானதால் கொணர்ந்தவரும் மூவரென்று பிற்காலத்தார் கொண்டனர். குழந்தையின் அருகே நிற்கும் காளையும் கழுதையும்கூட இவ்விரு நூல்களில் இல்லை. எசாயா தீர்க்கதரிசியின் நூலில், தம் உடையவனை அறியும் விலங்குகளாக அவை பேசப்படுகின்றன. அங்கிருந்து அவை பிறப்புக் காட்சிக்குள் வந்து சேர்ந்தன.

எனவே, இன்று எந்த நாட்டுக் குழந்தையைக் கேட்டாலும் அது விரல்விட்டுச் சொல்லும் அந்த முழுக்காட்சி, ஏதேனும் ஓர் ஏட்டில் அப்படியே எழுதப்பட்டதன்று. பல ஏடுகளில் சிதறிக் கிடந்தவற்றை ஓவியரும், சிற்பியரும், குயவரும், தாய்மாரும் சேர்த்துக் கட்டியது. நம் இதிகாசங்களிலும், முதனூலில் இல்லாத எத்தனையோ நிகழ்ச்சிகள் தெருக்கூத்தாலும் பொம்மலாட்டத்தாலும் நம் நெஞ்சில் நிலைபெற்றிருப்பதை எண்ணுவோர்க்கு இது வியப்பளிக்காது.

கிரேச்சோவில் ஓர் இரவு

கைவழிக் கதையின் வரலாற்றில் முதலில் நிறுத்தத்தக்க ஆண்டு 1223. இத்தாலி நாட்டு ரியேத்திப் பள்ளத்தாக்கில் கிரேச்சோ என்னும் மலையூர் உள்ளது. அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ், அவ்வாண்டுக் கிறித்து பிறப்பு விழாவிற்கு ஏறத்தாழப் பதினைந்து நாள் முன்னதாக, அவ்வூர்ப் பெருமகனான யோவான் என்பவரை அழைத்து, வைக்கோல் பரப்பிய முன்னணை ஒன்றையும், ஒரு காளையையும், ஒரு கழுதையையும் ஆயத்தம் செய்யச் சொன்னார். பெத்லகேமில் அக்குழந்தை பட்ட இடர்ப்பாட்டைத் தம் ஊனக்கண்ணாலேயே காண விரும்புவதாக அவர் கூறியதாய், அவர் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ ஊர்த் தோமா குறிக்கிறார். அன்றிரவு ஊர்மக்கள் பந்தங்களும் மெழுகுதிரிகளும் ஏந்தி மலையேறினர். பிரான்சிஸ் திருத்தொண்டர் உடையில் நின்று நற்செய்தியைப் பாடினார்.

இங்கே நாம் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. கிரேச்சோவில் பொம்மைகள் இருந்ததாகத் தோமா கூறவில்லை. இருந்தவை மெய்யான வைக்கோல், மெய்யான விலங்குகள், மெய்யான குளிர். எழுத்தறியாத இடையனும் உழவனும் தங்கள் அன்றாட வாழ்வின் பொருள்களையே அங்குக் கண்டனர். கதை எங்கோ தொலைவில், யாருக்கோ நடந்தது என்னும் எண்ணம் அவர்களை விட்டு அகன்றது. விழா முடிந்தபின் அவ்வைக்கோலை நோயுற்ற கால்நடைகளுக்கு மருந்தாகக் கொடுத்தனர் என்றும் தோமா எழுதுகிறார்.

பிரான்சிஸ் 1226-இல் மறைந்தார். அவர் சபையினர் இவ்வழக்கத்தைப் பல ஊர்களுக்கும் கொண்டு சென்றனர். அச்சபையிலிருந்து முதன்முதலாகப் பாப்பரசரான நான்காம் நிக்கோலாஸ் காலத்தில், ஆர்னோல்போ தி காம்பியோ என்னும் சிற்பி, 1291-ஆம் ஆண்டையொட்டி உரோமை நகரத்துப் பெரிய மரியன்னை ஆலயத்திற்காகச் சலவைக்கல்லில் பிறப்புக் காட்சியைச் செதுக்கினார். பின்னர் 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில், பூர்போன் மரபு மன்னர் சார்லஸ் ஆட்சியில், இக்கலை உச்சத்தை எட்டியது. சுடுமண் தலையும், கம்பியும் சணல் நாரும் கொண்டு கட்டிய உடலும், பட்டாடையும் உடைய உருவங்கள் நூற்றுக்கணக்கில் அரண்மனைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் அடுக்கப்பட்டன. மீன் விற்பவள், பழக்கடைக்காரன், பிச்சைக்காரன், சத்திரக்காரன் என நேப்பிள்ஸ் நகரத் தெருவே பெத்லகேம் ஆயிற்று. கண்ணைக் கவரும் கலைதான். ஆயினும் குழந்தைக்கு அதில் பார்வையாளன் என்னும் இடமே கிடைத்தது. தொட்டால் உடையும், விலை மிக்க பொருள் அது.

கதவு அடைபட்டபோது

குடில் ஏழையின் வீட்டுக்குள்ளும் குழந்தையின் கைக்குள்ளும் வந்தது எப்படி? இரு நாடுகளில் இதற்கு விடை ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதைக் காண்கிறோம்.

ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு பகுத்தறிவு இயக்கத்தின் கருத்துகளில் தோய்ந்தவர். சமய வழிபாட்டை எளிமையாக்கவும் அரசின் கட்டுக்குள் கொணரவும் முனைந்த அவர், 1782-இல் ஆலயங்களில் குடில் வைப்பதைத் தடை செய்தார். அவர் ஆட்சிக்குட்பட்ட பொஹீமியாவிலும் டைரோல் மலைநாட்டிலும் மக்கள் என்ன செய்தனர்? ஆலயத்தில் கூடாதென்றால் அடுப்பங்கரைக்கு அருகில் வைத்துக்கொள்கிறோம் என்று வீட்டிலேயே குடில் கட்டலாயினர். நெசவாளரும், தச்சரும், சுரங்கத் தொழிலாளரும் பனிக்கால இரவுகளில் மரத்தைச் செதுக்கியும், காகிதத்தில் வண்ணம் தீட்டி வெட்டியும் உருவங்கள் செய்தனர். இம்மரபில் தோன்றிய ஒருவரே தொமாஷ் க்ரீசா (1838–1918). காலுறை பின்னும் தொழிலாளியான அவர், அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, ஆயிரத்துக்கும் மிகுந்த உருவங்கள் கொண்ட அசையும் குடிலொன்றைக் கட்டினார். செக் நாட்டு யிண்ட்ரிஹூவ் ஹிராதெட்ஸ் நகரின் அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

இனி பிரான்சு. புரட்சியின் கொந்தளிப்பில் 1793, 1794 ஆண்டுகளில் ஆலயங்கள் அடைக்கப்பட்டன. தென்பகுதியான ப்ரொவான்ஸ் நாட்டு மக்கள் ஆலயக் குடிலை இழந்தனர். மார்செய் நகரத்துக் கலைஞர் ழான் லூயி லாஞெல் (1764–1822), சாந்துக் கட்டியில் அச்சு செய்து, அதில் களிமண்ணை அழுத்தி, சூளையில் இடாமல் வெயிலில் காயவைத்துச் சிறு உருவங்களை வார்த்தார். ஓர் அச்சிலிருந்து பல உருவங்கள். ஆகவே விலையும் மலிவு. 'சிறு புனிதர்' என்னும் பொருள்படச் 'சாந்தோன்' என்று அவை பெயர் பெற்றன. 1803 முதல் மார்செயில் அவற்றிற்கெனச் சந்தை கூடி வருகிறது.

இச்சாந்தோன் கூட்டத்தைப் பார்க்கும் தமிழர்க்கு நவராத்திரிக் கொலு நினைவுக்கு வாராமல் இராது. கொலுவில் செட்டியார் தம் மளிகைக் கடையோடு அமர்ந்திருப்பது போல, இங்கே மாவு மில்காரர் மூட்டையோடும், மீன்காரி கூடையோடும், சாணை பிடிப்பவர் தம் கல்லோடும் குடிலை நோக்கி நடக்கின்றனர். கொடுப்பதற்கு ஏதுமற்ற ஒரு வெள்ளை மனத்தான், இரு கைகளையும் மேலே தூக்கி வியந்து நிற்கிறான். குழந்தைகளுக்கு அவன்மீது தனி அன்பு. ஆண்டுதோறும் ஓரிரு உருவங்களை வாங்கிச் சேர்ப்பதும், பாசியும் கல்லும் பொறுக்கி வந்து மலையமைப்பதும் பிள்ளைகளின் வேலை. டிசம்பர் 4, புனித பார்பரா நாளன்று தட்டுகளில் கோதுமையை ஊறவைத்து முளைக்கவிடுவர். விழாவிற்குள் பசும்பயிராக எழுந்து நிற்கும் அதனை உணவு மேசையிலும் குடிலருகிலும் வைப்பர். நம் ஊர் முளைப்பாரியைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. விழாவின் முன்னிரவில், பழமரக் கட்டையொன்றை வீட்டில் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து தூக்கி மேசையை மும்முறை சுற்றிவந்து அடுப்பிலிடும் வழக்கமும் அங்கு உண்டு. மரபு யாரிடமிருந்து யாருக்குச் செல்ல வேண்டும் என்பதை அவ்விரு கைகளும் சொல்லாமல் சொல்கின்றன.

பேரரசரின் ஆணையும் புரட்சியின் சீற்றமும் வேறு வேறு நோக்கமுடையவை. எனினும் விளைவு ஒன்றே. நிறுவனம் கதையைச் சொல்ல இயலாதபோது குடும்பம் அதனை ஏற்றுக்கொண்டது. குருவானவர் இருந்த இடத்தில் பாட்டியும் பேரனும் வந்து அமர்ந்தனர்.

நாளை எண்ணிய பிள்ளைகள்

குழந்தைக்குக் காலம் என்பது கடினமான கருத்து. இன்னும் இருபது நாள் என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? கிறித்து பிறப்பிற்கு முந்திய திருவருகைக் காலத்து வழக்கங்கள் பலவும் இந்த இடர்ப்பாட்டிலிருந்தே தோன்றின.

யொஹான் ஹின்ரிக் விக்கர்ன் (1808–1881) என்னும் புராட்டஸ்டண்டு இறையியலார், ஹாம்பர்க் நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்காக 1833-இல் 'ரவுகஸ் ஹவுஸ்' என்னும் இல்லத்தை நிறுவினார். விழா எப்போது வரும், எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரித்தனராம். 1839-இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தின்மேல் 20 சிறிய சிவப்பு மெழுகுதிரிகளையும் 4 பெரிய வெள்ளை மெழுகுதிரிகளையும் பொருத்தினார். நாளுக்கு ஒரு திரி. ஞாயிறு தோறும் பெரியது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் ஞாயிறாக அமைந்தமையால் 24 நாளுக்கு 24 திரி என்று கணக்கு சரியாக வந்தது. நாளுக்கு நாள் ஒளி மிகுவதைக் கண்ட பிள்ளைகள் எண்ணக் கற்றனர், காத்திருக்கவும் கற்றனர். பின்னர் இதுவே தழையால் சுற்றிய, நான்கே திரிகள் கொண்ட வளையமாகச் சுருங்கி வீடுகளுக்குள் வந்தது. 20-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கரும் இதனை மேற்கொண்டனர். கத்தோலிக்கரின் குடில் புராட்டஸ்டண்டு இல்லங்களுக்குப் போனதும் இவ்வாறே. பெரியோர் வாதில் பிரிந்து நின்றவர்களைப் பிள்ளைகளின் விளையாட்டு ஓரளவு சேர்த்து வைத்தது எனலாம்.

வேறு சில ஜெர்மானிய வீடுகளில் கதவின்மேல் 24 சுண்ணக்கட்டிக் கோடுகள் இழுத்து, நாளுக்கொன்றாகப் பிள்ளைகள் அழித்து வந்தனர். இன்னும் சிலர், நாளுக்கு ஒரு துரும்பு வைக்கோலை வெறுமையான முன்னணையில் இட்டு வந்தனர். நற்செயல் செய்த நாளில்தான் வைக்கோல் இடலாம் என்னும் விதியும் பல வீடுகளில் இருந்தது. வரும் குழந்தைக்கு மெத்தை பதமாக வேண்டுமென்றால் இவர்கள் நல்லவர்களாக இருந்தாக வேண்டும்! அறநூல் பத்துப் பக்கம் சொல்வதை ஒரு துரும்பு சொல்லிவிடுகிறது.

மவுல்புரோன் ஊரினரான கெர்ஹார்ட் லாங் (1881–1974) சிறுவனாக இருந்தபோது, அவர் அன்னையார் அட்டையொன்றில் 24 சிறு பணியாரங்களைத் தைத்து, நாளுக்கொன்று எடுத்துண்ணக் கொடுத்தார். வளர்ந்து அச்சகத்தார் ஆன லாங், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் நகரில் அதனையே அச்சிட்ட நாட்காட்டியாக வெளியிட்டார். ஒரு தாயின் கைவேலை இவ்வாறு உலகெங்கும் விற்கும் சரக்காயிற்று.

இத்துணை எளிய காகிதத்தையும் ஆட்சியாளர் விட்டுவைக்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காகிதப் பஞ்சத்தால் இந்நாட்காட்டிகள் நின்றுபோயின. நாஜிக் கட்சியோ பிள்ளைகளுக்கெனத் தன் நாட்காட்டியை வெளியிட்டது. அதில் பெத்லகேம் குழந்தையின் இடத்தைக் குளிர்காலக் கதிர்த்திருப்பமும் போர்க்களப் படங்களும் பிடித்துக்கொண்டன. பிள்ளையின் கையில் இருப்பதே பிள்ளையின் மனத்தில் இருக்கும் என்பதை அக்கொடியோரும் நன்கறிந்திருந்தனர். போர் முடிந்தபின், 1946-இல், இடிபாடுகளுக்கிடையே ஸ்டுட்கார்ட் நகரில் ரிக்கார்ட் செல்மர் என்பார் அமெரிக்கப் படையாட்சியின் இசைவு பெற்று, 'சிற்றூர்' என்னும் பொருளுடைய பெயரில் நாட்காட்டியை மீண்டும் அச்சிட்டார். குண்டுவீச்சில் ஊரே அழிந்த பிள்ளைகள், காகிதத்தில் ஓர் ஊரின் சாளரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தனர்.

மெழுகுதிரியும் விண்மீனும்

மொராவியச் சகோதரர் என்னும் சிறு சபையார் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவர். ஜெர்மனியின் மரியன்போர்ன் ஊரில் 1747-இல் நடந்த சிறுவர் வழிபாட்டில், அவர்கள் ஆயர் யொஹான்னஸ் டி வாட்டவில் ஒவ்வொரு குழந்தை கையிலும் சிவப்பு நாடா சுற்றிய மெழுகுதிரியை ஏற்றிக் கொடுத்தார். பிற்காலத்தில் அத்திரிக்கு ஓர் ஆரஞ்சுப்பழம் ஆதாரமாயிற்று. பழம் உலகென்றும் சுடர் கிறித்துவென்றும் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. 1968 முதல் இங்கிலாந்தில் குழந்தை நல அறப்பணிக்கு நிதி திரட்டும் விழாவாகவும் இது பரவியது.

அச்சபையாரின் உறைவிடப் பள்ளிகளில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பல முனைகள் கொண்ட காகித விண்மீன் தோன்றியது. வடிவியல் பாடத்தின் ஒரு பகுதியாக மாணவர்கள் தாளை அளந்து, மடித்து, ஒட்டி அதனைச் செய்தனர். அப்பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் பலரின் பெற்றோர், கடல் கடந்த நாடுகளில் ஊழியம் செய்தவர்கள். தாய்தந்தையரைப் பிரிந்த பிள்ளைகள், வழிகாட்டும் விண்மீனைத் தம் கையாலேயே செய்து சாளரத்தில் ஏற்றினர் என்பதை எண்ணும்போது, அது கணக்குப் பாடம் மட்டுமாய் இருந்திருக்க இயலாது என்றே நாம் உணர்கின்றோம். இச்சபையார் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்து, அதனருகே தோட்டமொன்று அமைத்துப் பல்லாண்டுகள் வாழ்ந்தனர்; 1803-இல் அப்பணி முடிவுற்றது.

நம் நாட்டுக் குடில்

பெத்லகேம் கதை தமிழ் மண்ணின் நிறம் பெற்றதற்கு இலக்கியச் சான்று, வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி. 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட அக்காப்பியத்தின் தலைவர் வளன் எனப்படும் சூசையப்பர். காப்பிய மரபு முழுவதையும் கைக்கொண்டு யூதேயாவைத் தமிழ்க் கண்ணுக்குக் காட்டிய முயற்சி அது. அதனையே வேறொரு வகையில் நம் நாட்டுக் கிறித்தவ இல்லத்துப் பிள்ளைகளும் செய்து வருகின்றனர். தமிழகத்திலும், கேரளத்திலும், கோவாவிலும், மும்பையிலும் டிசம்பர் பிறந்ததும் வைக்கோலும், மணலும், கசக்கி வண்ணம் பூசிய காகித மலையும் வீட்டு மூலைக்கு வந்துவிடுகின்றன. கேழ்வரகோ நெல்லோ தூவி முளைக்கவிட்ட பசும்புல் வயலாகிறது. முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு குளமாகிறது. மூங்கில் பிளாச்சைக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்த விண்மீன் வாயிலில் தொங்குகிறது. பனிபடர்ந்த ஊசியிலை மரத்தருகே பனையோலைக் குடிசையும் நிற்கும். ஒட்டகத்திற்கு அண்டையில் நம்மூர்ப் பசுவும் நிற்கும். நேப்பிள்ஸ் தன் தெருவைப் பெத்லகேம் ஆக்கியது போல, நம் பிள்ளைகளும் தம் ஊரை ஆக்கிவிடுகின்றனர்.

பல வீடுகளில் விழா இரவு வரை முன்னணை வெறுமையாகவே இருக்கும். நள்ளிரவுக்குப் பின்னரே, வீட்டின் கடைக்குட்டி கையால் குழந்தை உருவம் அதில் வைக்கப்படும். ஞானியர் மூவரும் அறையின் மறுகோடியிலிருந்து நாளுக்குச் சிறிது தொலைவாக நடந்து, சனவரி 6-இல் வந்து சேர்வர். நெடும்பயணம் என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக ஐந்து வயதுக்கு உணர்த்துதல் அரிது.

எதிர்வாதமும் நம் கடமையும்

இவ்வழக்கங்களுக்கு எதிர்ப்பும் இருந்தது. இங்கிலாந்தின் தூய்மைவாதிகள் 1647-இல் கிறித்து பிறப்பு விழாவையே பாராளுமன்ற ஆணையால் விலக்கினர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை விழாக் கொண்டாடியோர்க்கு 5 ஷில்லிங் அபராதம் இருந்தது. ஏட்டில் இல்லாததைக் கை சேர்த்துவிடும் என்பது அவர்கள் அச்சங்களுள் ஒன்று. அது முற்றிலும் ஆதாரமற்றதன்று என்பதை மேலே கண்ட காளையும் கழுதையும் காட்டும். ஆனால் ஏட்டை மட்டும் நம்பிய இடங்களில் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கையால் கற்ற பிள்ளை, வளர்ந்தபின் ஏட்டைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்றும் கல்லாத பிள்ளைக்கு ஒப்பிட ஏதுமில்லை.

இன்றைய இடையூறு வேறு. குடில் முழுமையாகவே பெட்டியில் அடைத்து விற்கப்படுகிறது. விண்மீன் நெகிழியில் வருகிறது. நாட்காட்டியின் சாளரத்துக்குள் மிட்டாய் மட்டுமே இருக்கிறது. பிள்ளையின் வேலை பொத்தானை அழுத்துவதோடு முடிந்துவிடுகிறது. கொலுவுக்கும், கார்த்திகை விளக்குக்கும், பொங்கல் கோலத்துக்கும் இதே நிலை நேர்ந்து வருவதை நாம் அறிவோம்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இவ்வரலாறு தனிப்பட்ட முறையில் ஒன்றைச் சொல்கிறது. தமிழ்ப் பள்ளி எல்லா ஊரிலும் இல்லை. நம் பிள்ளைகள் பலருக்கு எழுத்துத் தமிழ் எட்டாத கனியாகவே இருக்கிறது. ஆலயக் கதவு அடைபட்டபோது பொஹீமிய நெசவாளனும் மார்செய்க் குயவனும் செய்ததை, பள்ளிக் கதவு திறவாத ஊரில் நாமும் செய்யலாம். எச்சமயத்து இல்லமாயினும் சரி, கொலுப்படி கட்டும்போதோ குடில் வேயும்போதோ பிள்ளைகளை அருகில் அமர்த்தி, தமிழிலேயே கதையைச் சொல்லிக்கொண்டு வேலை வாங்கவேண்டும். வைக்கோல், தொழுவம், கிடை, இடையன், பிளாச்சு, கூரை, முளை ஆகிய சொற்களை நகரத்துப் பிள்ளை பாடநூலில் படித்து மறந்துவிடும். கையில் ஒட்டிய பசையோடு கேட்ட சொல்லை எளிதில் மறக்காது. நம் சங்கத்தின் சிறுவர் பகுதியினர் ஆண்டில் ஒரு நாளேனும் கத்தரிக்கோலும் களிமண்ணுமாகக் கூடி, ஒருவர் வீட்டுக் கதையை மற்றவர் செய்து பழக ஏற்பாடு செய்தல் நன்று. அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டாம். கதை தெரிந்த மூத்தவர் ஒருவரும், பொறுமையும், சிறிது வைக்கோலும் போதும்.